விண்டோஸுக்கு எழுதிய மென்பொருள் லினக்ஸில் எப்படி ஓடுகிறது? கொங்குப் பட்டறைகளின் பழைய கணினிகளுக்கு ஒரு விளக்கம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது; இன்டெல் செயலியாக (பிராசசர்) இருந்தால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் அலுவலக மேசைகளிலும், கோவை கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளிலும், ஈரோட்டு அச்சகங்களிலும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் அதே கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் இத்தனை காலம் சோறு போட்ட விண்டோஸ் மென்பொருளை என்ன செய்வது?

"ஓடுமா, ஓடாதா" என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. கணினிக் கடைக்காரர் ஒருவர் "ஓடவே ஓடாது" என்பார். கல்லூரியில் படிக்கும் மகன் "எல்லாம் ஓடும்" என்பான். இருவரும் தாங்கள் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: அந்த மென்பொருள் எதன் மேல் சாய்ந்து நிற்கிறது? விண்டோஸோடு வரும் நிரல் தொகுப்புகளான நூலகங்களோடு மட்டும் பேசுகிறதா, இயங்குதளத்தின் மையமான கெர்னல் வரை கை நீட்டுகிறதா, அல்லது வேறு வகைச் செயலிக்கே எழுதப்பட்டதா? இது தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தை விலக்க வேண்டும். விண்டோஸ் கணினியும் லினக்ஸ் கணினியும் பெரும்பாலும் ஒரே எக்ஸ்86 வகைச் செயலியைக் கொண்டவை. கூட்டு, கழி, ஒப்பிடு, தாவு என்று நிரல் இடும் கட்டளைகள் செயலிக்கானவை. இயங்குதளத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அப்படியிருந்தும் விண்டோஸின் இஎக்ஸ்இ கோப்பு லினக்ஸில் நேரடியாக ஓடாததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று கோப்பின் கட்டமைப்பு. இஎக்ஸ்இ கோப்பு எதைத் திறந்தாலும் முதல் இரண்டு எழுத்துகள் எம், இசட் என்று இருக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் அந்த வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள் அவை. லினக்ஸ் எதிர்பார்ப்பது எல்ஃப் என்ற வேறொரு வடிவம். இது சிறிய தடை. பெரிய தடை இரண்டாவது: கோப்பைத் திற, சாளரம் வரை, அச்சிடு என்று ஒவ்வொரு வேலைக்கும் நிரல் விண்டோஸைக் கூப்பிடுகிறது. லினக்ஸில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

அந்தப் பதிலைச் சொல்லத்தான் வைன் என்ற மென்பொருள் உருவானது. 1993-இல் பாப் ஆம்ஸ்டாட் அதைத் தொடங்கினார், விண்டோஸ் 3.1 நிரல்களை லினக்ஸில் ஓட்டுவது நோக்கம். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற அலெக்ஸாந்தர் ஜூலியார் அதைப் பல பதிற்றாண்டுகளாக வழிநடத்தி வருகிறார். 1.0 என்று எண் போட்டு வெளியிடும் அளவுக்குத் தேற 2008 ஜூன் வரை, 15 ஆண்டுகள் பிடித்தன. அவ்வளவு காலம் ஏன் என்பது வேலையின் தன்மையைப் பார்த்தால் புரியும். விண்டோஸில் கெர்னல்32, யூசர்32, ஜிடிஐ32 என்று நூற்றுக்கணக்கான நூலகங்கள் உண்டு. அவற்றில், வேலைக்கு ஒன்றாக எழுதிய நிரல் துண்டுகளான செயற்கூறுகள் ஆயிரக்கணக்கில். வைன் அதே பெயர்களில் அதே செயற்கூறுகளைப் புதிதாக எழுதி, உள்வேலையை லினக்ஸிடம் ஒப்படைக்கிறது. மைக்ரோசாஃப்ட் எழுதிய நிரல் வரிகள் அதில் நகலெடுக்கப்படுவதில்லை.

திருப்பூரில் ஒரு ஆர்டர் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துணியின் ஜிஎஸ்எம், நிறம், அளவு எல்லாம் ஆர்டர் தாளில் இருக்கின்றன. நிட்டிங் ஓரிடத்தில், சாயம் ஓரிடத்தில், காம்பாக்டிங் இன்னோரிடத்தில் ஜாப் ஒர்க்காக நடக்கிறது. தாளில் சொன்னபடி சரக்கு வந்துவிட்டால் எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது என்று தையல் இயந்திரம் கேட்பதில்லை. நிரலுக்கும் நூலகத்துக்கும் இடையில் இருப்பதும் அப்படி ஒரு தாள்தான்.

ஒரு பில் சேமிக்கப்படும் நொடியை நெருங்கிப் பார்ப்போம். பில் போடும் நிரல், டி டிரைவில் பில் என்ற ஃபோல்டரில் ஏப்ரல் மாதக் கோப்பைத் திறக்கச் சொல்லி விண்டோஸைக் கூப்பிடுகிறது. லினக்ஸில் டி டிரைவ் என்று ஒன்று கிடையாது. வைன் தன் மறைவான ஃபோல்டருக்குள் டிரைவ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சுட்டியை வைத்திருக்கிறது; டி என்ற சுட்டி வன்தட்டின் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கே போகிறது. பின்சாய்கோடுகள் முன்சாய்கோடுகளாக மாறுகின்றன. அடுத்து ஒரு சிக்கல். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான்; லினக்ஸுக்கு வேறு வேறு. சொன்ன பெயரில் கோப்பு இல்லையென்றால் வைன் அந்த ஃபோல்டரில் உள்ள பெயர்களைப் படித்து, எழுத்தளவு மட்டும் வேறுபடும் பெயரைத் தேடுகிறது. கோப்பு கிடைத்ததும், வேறு நிரல் அதைத் தனக்கென்று பூட்டி வைத்திருக்கிறதா என்று வைன்சர்வர் என்ற பின்னணி நிரலிடம் விசாரிக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால்தான் லினக்ஸ் கெர்னல் திறந்து தந்த கோப்பு நிரலின் கைக்கு வருகிறது. கோப்பே இல்லை என்று லினக்ஸ் தன் பாணியில் சொன்னால், அதை விண்டோஸின் பிழை எண் 2 ஆக மாற்றி நிரலிடம் தருகிறது. நிரல் தான் விண்டோஸில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறது.

கணக்குப் பார்ப்பவர்கள் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பூட்டு வைன்சர்வருக்குத்தான் தெரியும். லினக்ஸின் சொந்த நிரல்களுக்குத் தெரியாது. பில் நிரல் திறந்திருக்கும்போது லினக்ஸின் நகலெடுக்கும் நிரல் அதே கோப்பை எடுத்தால் தடுக்க ஆள் இல்லை. பாதி எழுதிய கோப்பு நகலாகிவிடும். ஆகவே பேக்கப் எடுப்பதாக இருந்தால் பில் நிரலை மூடிவிட்டு எடுக்க வேண்டும். ஒரு நன்மையும் உண்டு: நிரல்களின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி வைனில் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருப்பதால், வைனின் அந்த மறைவான ஃபோல்டரை நகலெடுத்தால் நிறுவிய நிரல், அதன் அமைப்புகள் எல்லாம் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

வைன் நூலக மட்டத்தில் வேலை செய்ய முடிவதற்கு விண்டோஸின் ஒரு பழக்கமே காரணம். கெர்னலைக் கூப்பிடும் எண்களை மைக்ரோசாஃப்ட் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே வருவதால், நிரல்கள் நூலகங்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். லினக்ஸில் நிலைமை நேர்மாறு. அந்த எண்கள் நிலையானவை, நிரல்கள் நேரடியாகவே கூப்பிடலாம். லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டுவந்த டபிள்யூஎஸ்எல், அதனால் கெர்னல் அழைப்புகளையே ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கோப்பு வேலைகள் மெதுவாயின. சில அழைப்புகள் கடைசிவரை கைவரவில்லை. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் மொழிபெயர்ப்பைக் கைவிட்டு, உண்மையான லினக்ஸ் கெர்னலையே ஒரு சிறு மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டத் தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே பின்வாங்கிய வகை வேலையை, சிறிய குழு ஒன்று எதிர்த்திசையில் 30 ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் செய்துவருவதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த வேலையில் ஆவணத்தில் எழுதியிருப்பதைச் செய்தால் மட்டும் போதாது. ஒரு செயற்கூறுக்குத் தவறான மதிப்பைக் கொடுத்தால் விண்டோஸ் என்ன பதில் தருமோ அதையே தர வேண்டும். அந்தத் தவறான பதிலை நம்பி எழுதிய நிரல்கள் சந்தையில் இருக்கின்றன. எனவே வைன் குழுவினர் எழுதும் சோதனைகள் உண்மையான விண்டோஸிலும் ஓட்டப்படுகின்றன. அங்கே என்ன நடக்கிறதோ அதுவே சரி என்று கொள்ளப்படுகிறது.

கடந்த சில ஆண்டுகளில் வைன் வேகமாக முன்னேறியதற்குப் பணம் வந்தது விளையாட்டுகளால். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வைனை அடிப்படையாகக் கொண்ட புரோட்டானை வெளியிட்டது; 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டியே விற்றது. ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளை ஒழுங்குபடுத்தும் விண்டோஸின் ஒத்திசைவு முறைகளை லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே தரும் என்டிசிங்க் என்ற பகுதி 2025-இல் வந்த 6.14 பதிப்பில் நிறைவாக இணைந்தது. விளையாட்டுக்காகச் செய்த திருத்தங்கள் பல்லடத்தில் தறிக் கணக்கு போடும் நிரலுக்கும் சேர்த்தே பயன்படுகின்றன.

இனி, எங்கே தோற்கிறது என்பது. எம்பிராய்டரி டிசைன், ஆடைகளுக்கான பேட்டர்ன், ஜக்கார்டு டிசைன் ஆகிய வேலைகளுக்கான விலை உயர்ந்த மென்பொருள்கள் பல டாங்கிள் என்ற பூட்டோடு வருகின்றன. யூஎஸ்பி துளையில் அந்தச் சிறு துண்டு இல்லாவிட்டால் நிரல் திறக்காது. டாங்கிளோடு பேசுவதற்குப் பெரும்பாலும் விண்டோஸ் கெர்னலுக்குள் ஏறி உட்காரும் டிரைவர் ஒன்று வேண்டும். வைனில் விண்டோஸ் கெர்னல் இல்லை. டிரைவருக்கு உட்கார இடமில்லை. நிரல் அழகாகத் திறந்து, மெனுக்கள் எல்லாம் தெரிந்து, கடைசியில் "டாங்கிள் காணவில்லை" என்று நின்றால் காரணம் இதுதான். அதோடு மல்லுக்கட்டி நாட்களை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இதற்குரிய வழி மெய்நிகர் இயந்திரம். விர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம் ஆகியவை ஒரு முழுக் கணினியையே மென்பொருளாகக் கட்டித் தருகின்றன. அதற்குள் உண்மையான விண்டோஸை நிறுவ வேண்டும். 2005, 2006-இலிருந்து இன்டெல், ஏஎம்டி செயலிகள் இதற்கான வசதியைச் சில்லிலேயே தரத் தொடங்கின. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பையாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தால் முதலில் இயக்க வேண்டும். யூஎஸ்பி டாங்கிளை லினக்ஸிடமிருந்து விடுவித்து உள்ளே இருக்கும் விண்டோஸுக்குக் கொடுத்துவிடலாம். உள்ளே ஓடுவது அசல் விண்டோஸ் கெர்னல் என்பதால் டிரைவருக்கும் குறையில்லை. பழைய பேரலல் போர்ட் டாங்கிள்தான் தொல்லை. கடையில் கிடைக்கும் யூஎஸ்பி-பேரலல் மாற்றிகள் பிரிண்டருக்காகச் செய்யப்பட்டவை. டாங்கிள் எதிர்பார்க்கும் நேரடித் தொடர்பை அவை தருவதில்லை. மதர்போர்டில் பேரலல் போர்ட் உள்ள கணினியைக் காப்பாற்றி வைத்துக்கொள்வதோ, மென்பொருளை விற்றவரிடம் யூஎஸ்பி டாங்கிளாக மாற்றிக் கேட்பதோதான் நடைமுறையில் மிஞ்சும்.

மெய்நிகர் இயந்திரத்துக்குள் போடும் விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும். கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் பொதுவாக அந்த வன்பொருளோடு கட்டுண்டது. அப்படியே தூக்கி உள்ளே வைத்தால் ஆக்டிவேஷன் கேட்கும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், எக்ஸ்பி ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்கு இணைய இணைப்பைக் கொடுக்கவே கூடாது.

லேத் பட்டறைகளில் நிலைமை இதைவிட நம்பிக்கையூட்டுகிறது. கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் பழைய சிஎன்சி இயந்திரங்கள் பலவற்றுக்கு நிரலை ஆர்எஸ்-232 கேபிள் வழியாக அனுப்புகிறார்கள். இதை அனுப்புவதற்கென்று கணினியில் உள்ள டிஎன்சி நிரல் காம்1 என்ற சீரியல் போர்ட்டைத் திறந்து, 9600 பாட் போன்ற ஒரு வேகத்தில் இயந்திரத்துக்கான கட்டளைகளான ஜி-கோடு வரிகளை எழுதுகிறது, அவ்வளவுதான். சீரியல் போர்ட்டைக் கையாளும் செயற்கூறுகள் விண்டோஸின் நூலகத்திலேயே இருப்பதால் வைன் இங்கே நன்றாக ஈடுகொடுக்கிறது. யூஎஸ்பி-சீரியல் கேபிளைச் செருகினால் லினக்ஸ் அதற்கென ஒரு கருவிக் கோப்பை உண்டாக்கும். டிரைவ்களுக்குச் செய்ததுபோலவே காம்1 என்ற பெயரிலும் அதற்கு ஒரு சுட்டி போட்டால் நிரல் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: உபுண்டு, டெபியன் போன்றவற்றில் பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்காவிட்டால் போர்ட்டைத் திறக்க அனுமதி கிடைக்காது. பாரிட்டி, ஸ்டாப் பிட், எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் ஆகிய தொடர்பு அமைப்புகள் இயந்திரத்தின் கன்ட்ரோலரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய நிரலை இயந்திரத்திலிருந்து திரும்ப வாங்கி, வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்காமல் டூலை இறக்கக் கூடாது. ஒரு புள்ளி விடுபட்டால் உடைவது டூல் மட்டுமாக இருக்காது.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி, ரிக் வண்டிக் கணக்குகளை டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் நிரல்களில் போட்டு வைத்தவர்கள் உண்டு. ஜிஎஸ்டி வந்த பிறகு பில் போடுவது வேறு மென்பொருளுக்கு மாறினாலும் பழைய பாக்கி விவரங்கள் அவற்றில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 11 வருவது 64 பிட்டாக மட்டுமே. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடுவதில்லை. வைனிலோ விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களைப் பலவேளைகளில் இன்றும் திறக்க முடிகிறது. டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. 2002-இல் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்ட இது, செயலி உட்படப் பழைய கணினி முழுவதையும் மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது. மூல டாஸ்பாக்ஸில் அச்சிட வழியில்லை. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸில், எல்பிடி1 என்ற பிரிண்டர் போர்ட்டுக்கு அனுப்புவதைக் கோப்பாக எழுத முடிகிறது. அந்தக் கோப்பை அப்படியே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்பினால் பழைய பட்டியல் பழைய வடிவிலேயே வரும். விவரம் மட்டும் போதும் என்றால் அந்த நிரல்களின் தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆபீஸே நேரடியாகத் திறக்கும்.

தமிழ் அச்சகங்களின் நிலை தனிக் கதை. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று அதில் செய்துவைத்த கோப்புகள் ஏராளம். அவற்றின் தமிழ், பாமினி போன்ற 8 பிட் எழுத்துருக்களில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள் இவை. வைனுக்கு இவற்றைக் காட்டுவதில் சிரமமே இல்லை, ஏனென்றால் அது ஆங்கிலம் என்று நினைத்தே வரைகிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் எழுதிய தமிழுக்குத்தான் கூடுதல் வேலை: "கொ" என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பைக் ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் கொண்டுபோக வேண்டும், விண்டோஸில் இதைச் செய்யும் யூனிஸ்கிரைப் நூலகத்தை வைன் தனியாக எழுத வேண்டியிருந்தது.

தட்டச்சில் வேறொரு முடிச்சு. லினக்ஸின் தமிழ் விசைப்பலகை தருவது யூனிகோடு; பேஜ்மேக்கர் 7.0 யூனிகோடு அறியாதது. நேராகத் தட்டினால் கேள்விக்குறிகள் விழும். விண்டோஸுக்கான பழைய தமிழ்த் தட்டச்சு நிரலையும் பேஜ்மேக்கர் இருக்கும் அதே வைன் ஃபோல்டரிலேயே நிறுவிப் பார்க்கலாம். ஆனால் அது வைனுக்குள் இருக்கும் சாளரங்களில் மட்டும்தான் விசைகளைப் பிடிக்கும், லினக்ஸின் பிற நிரல்களில் பிடிக்காது. கோவையில் 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்தபோதே யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளைத் திறந்து பார்க்க வைனை வைத்துக்கொண்டு, புதிய வேலைகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே அச்சகங்களுக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

செயலியே வேறாக இருந்தால் ஒவ்வொரு கட்டளையையும் மாற்றியாக வேண்டும். ஆப்பிள் 2020-இல் இன்டெலை விட்டுச் சொந்தச் சில்லுக்கு மாறியபோது தந்த ரொசெட்டா 2, ஃபாப்ரிஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்ட கியூஈமு ஆகியவை இந்த வகை. வேகம் குறையும், பட்டறைக் கணினிகளில் இதற்கான தேவை அரிது.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று முதலாளிகள் கேட்பது நியாயமான கேள்வி. வைன் எழுதுகிறவர்கள் விண்டோஸின் மூல நிரலைப் பார்த்திருக்கக் கூடாது என்பது திட்டத்தின் விதி. வெளியே கசிந்த நிரலைப் படித்தவர்களின் பங்களிப்பை அவர்கள் ஏற்பதில்லை. ஒரு மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர், தனியே உருவான இன்னொரு மென்பொருளை அதோடு இசைந்து இயங்கச் செய்வதற்குத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, அதைத் திரட்டிக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அமெரிக்காவில் கூகுளுக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில், ஜாவா நிரல்மொழியின் அறிவிப்பு வரிகளைக் கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2024-இல் மைக்ரோசாஃப்ட் தானாகவே, தன் டாட்நெட் நிரல்களைப் பிற தளங்களில் ஓட்டும் மோனோ திட்டத்தை வைன் அமைப்பிடம் ஒப்படைத்தது. ஆக, வைனைப் பயன்படுத்துவதில் தயங்க ஒன்றுமில்லை. அதற்குள் ஓட்டும் மென்பொருளுக்கு உரிமம் இருக்க வேண்டும். அந்த மென்பொருளின் உரிம ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

மாறுவது என்று முடிவெடுத்தவர்கள் முதலில் பழைய வன்தட்டை முழுமையாக, பகுதி பகுதியாக அல்லாமல், அப்படியே ஒரு படிமக் கோப்பாக எடுத்து வேறொரு தட்டில் வைக்க வேண்டும். எக்ஸ்பி காலத்துத் தட்டுகளுக்கு வயதாகிவிட்டது. சோதனைகளை அந்தத் தட்டின் மேலேயே செய்வது ஆபத்து. அடுத்து, வைனின் இணையத் தளத்தில் உள்ள மென்பொருள் பட்டியலில் தங்கள் மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் தேடிப் பார்க்கலாம்; பிளாட்டினம் முதல் கார்பேஜ் வரை பயனர்கள் தரம் போட்டிருக்கிறார்கள். உள்ளூர் நிரலாளர் ஒருவர் எழுதித் தந்த மென்பொருளாக இருந்தால் பட்டியலில் இருக்காது. நகலில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. ஒரு பில் போட்டு, திருத்தி, அச்சிட்டு, மாதக் கணக்கை முடித்துப் பார்க்க வேண்டும். திறக்கும் பக்கம் வந்துவிட்டது என்பதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது, கோளாறுகள் பெரும்பாலும் அச்சிடும் இடத்தில்தான் தலைகாட்டுகின்றன. ஒரு மாதமாவது இரண்டு கணினிகளிலும் ஒரே கணக்கைப் போட்டு, இரண்டின் மொத்தமும் ஒத்துவந்த பிறகு பழையதை நிறுத்தலாம்.